900 கிராம் கொடுத்து 960 கிராம் வாங்கிய கதை

நாட்டு மருந்துக் கடையில் "நாங்களே அரைச்சுக் குடுத்துடறோம்" என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. 1,450 ரூபாய் போயிற்று.

தங்கை வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் வாசனைப் பொடி போடலாம் என்று ஆசை. குளித்துத் துவட்டியதும் கழுத்திலும் கையிலும் தடவிக்கொள்கிற பொடி. சென்ட் அடித்தால் தும்முகிற எங்கள் வீட்டாருக்கு அதுதான் சென்ட். சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து தங்கசாலைப் பக்கம் போனேன். ராசப்ப செட்டி தெருவில் வழக்கமாக வாங்கும் கடையில் அன்று கூட்டம். நிற்கப் பொறுமையில்லாமல் ஒரு சந்துக்குள் நுழைந்தேன்.

சரக்கை நானேதான் முகர்ந்து பொறுக்கினேன். பூலாங்கிழங்கு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள் 150 கிராம், கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ் தலா 100, மகிழம்பூ 50, சந்தனச் சிராய் 50. சிராய்க்குத்தான் பாதிக்கு மேல் பணம். "வெட்டிவேரை மிக்ஸில போட்டா பிளேடு பூடும்மா. பின்னாடி மெஷின் கீது, எண்பது ரூபா குடுங்க போதும்" என்றார் கடைக்காரர். பையன் மூட்டையோடு உள்ளே போனான். மெஷின் சத்தமும் கேட்டது. அரை மணி நேரத்தில் மைதா மாதிரி வழவழவென்று பொடி வந்தது. வாசல் வரைக்கும் ஊதுவத்தி மணம். அசந்துபோய் வாங்கி வந்தேன்.

கலப்படத்தைக் கண்டுபிடித்தது என் மாமியார். பொட்டலம் கட்டுவதற்காகத் தராசில் வைத்தபோது 960 காட்டியது. "அரைச்சா கொறையணும். இது எப்படிம்மா கூடிச்சு?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடல் காற்றில் ஈரம் ஏறினாலும் அரை மணி நேரத்தில் 60 கிராமா ஏறும்? அதோடு வெட்டிவேர் ஒருநாளும் முழுதாகப் பொடியாகாது. சலித்தால் சல்லடையில் நார் நாராகத் திப்பி நிற்கும். இதில் ஒரு நார்கூட இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டோம். மஞ்சள் அடியில் படியாமல் தண்ணீர் முழுக்கச் சாயமாக நின்றது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு. தண்ணீரை இறுத்துவிட்டு அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தார் அத்தை. சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்புக்கல் தூள்! முந்தின நாள் கையில் தடவிய இடத்தில் மணம் ராத்திரியே போய்விட்டது, மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. நிஜப் பொடி நேர் எதிர்: தடவும்போது மந்தமாக இருக்கும், வேர்க்க வேர்க்க எழும்.

மறுநாள் போய்க் கேட்டால், "நீங்க வூட்ல எதையாவது கலந்துருப்பீங்க" என்றார். சத்தம் போட்டதும் 200 ரூபாயை மேசைமேல் வைத்தார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். முதலில் கேட்டதே பில் இருக்கிறதா என்றுதான். எங்கே இருக்கிறது? துண்டுச் சீட்டுதான்.

பிறகு பழைய கடையிலேயே வாங்கி வீட்டில் செய்தோம். கிழங்குகளை மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். ரோஜாவும் மகிழம்பூவும் நிழலில்தான், வெயில் பட்டால் வாசனை பறந்துவிடும். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, கிழங்கை உரலில் தட்டி உடைத்து, பிறகே மிக்ஸி. பிளேடு ஒன்றும் போகவில்லை. பழைய வேட்டித் துணியில் சலித்தோம். பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை, பொடி நன்றாக ஆறிய பிறகு. சூட்டில் போட்டால் ஆவியாகிவிடும். மேலுக்குப் பூச கூவைக்கிழங்கு மாவு சரிபாதி கலந்தால் பிசுபிசுக்காது. 900 கிராம் சரக்குக்கு நின்ற பொடி 720தான். திப்பியைச் சாம்பிராணியோடு போட்டுப் புகைத்தோம், வீடே மணத்தது.

முழுக் கிழங்காக வாங்கினாலும் கஸ்தூரி மஞ்சளை ஒடித்துப் பாருங்கள். உள்ளே பளீர் மஞ்சளாக இருந்தால் வேண்டாம். நல்லது வெளிறிப்போய் இருக்கும், கற்பூர வாடை வரும். சந்தனத்தூள் கிலோ சில நூறு ரூபாய் என்று யாராவது சொன்னால் அது மரத்தூளும் சென்ட்டும்தான். கட்டையே கிலோ பத்தாயிரத்துக்கு மேல் போகிறது.

அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. பென்சிலில் 900 என்று மட்டும், அவர் கையெழுத்திலேயே.