காந்தம் ஒட்டவில்லை என்று நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கடற்கரை ஊரில் கடை, லாட்ஜ், மெஸ், பள்ளிக்கூடம் என எதற்காவது ஸ்டீலில் பெயர்ப் பலகை செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்கள் அக்கா 68,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறார். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

அக்கா வேளாங்கண்ணியில் மெஸ் நடத்துகிறார். கடல் கூப்பிடு தூரம். முதலில் ஃப்ளெக்ஸ் போர்டுதான் வைத்திருந்தார். கடல் காற்றில் அது ஒரு வருடம் முழுதாகத் தாங்கியதே இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் புது ஃப்ளெக்ஸ், தைப்பூசம் வருவதற்குள் கிழிசல். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஃப்ரேமோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதனால் 2023-இல், "ஒரே தடவை நல்லதா செஞ்சுடுவோம் தம்பி, இனிமே வருஷா வருஷம் இதுக்குச் செலவு பண்ண வேணாம்" என்று என்னிடம் சொன்னார். சீட்டுப் பணம் எடுத்திருந்தார். வெளியூரில் பெரிய பட்டறை, பெரிய பெரிய ஜவுளிக்கடைகளுக்கு எல்லாம் செய்தவர்கள் என்று சொல்லி அங்கே கூட்டிப்போனது நான்தான்.

பேசியது இதுதான். எட்டடிக்கு நாலடி போர்டு. கால்வனைஸ் செய்த இரும்புக் குழாயில் ஃப்ரேம். பின்னால் பவுடர் கோட்டிங் செய்த தகடு, சந்தன நிறம். அதன்மேல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்துகள், மெல்லிய கோடு கோடாகத் தேய்த்த ஹேர்லைன் ஃபினிஷ். "304 தான சார், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேணாம்" என்றார் முதலாளி. 304 என்பது எஸ்.எஸ். தரத்தைச் சொல்லும் எண். எழுத்துகள் தயாரானதும் எங்களைக் கூப்பிட்டு, சட்டைப் பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து எழுத்தின்மேல் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. "பாருங்க, ஒட்டுதா? ஒரிஜினல் சார்." அக்கா மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது ஜி.எஸ்.டி. பில்கூட இல்லை, 'எஸ்.எஸ். லெட்டர், ஃப்ரேம், ஃபிட்டிங்' என்று எழுதிய ஒரு எஸ்டிமேட் துண்டு.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் கீழ் விளிம்பிலிருந்தும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சந்தன நிறத் தகட்டில் இறங்கியிருந்தது. கண் மை கரைந்து கன்னத்தில் வழிந்ததுபோல. எழுத்தின் முகத்தில் தேநீர்க் கறை மாதிரி புள்ளிகள். போன் செய்தால், "அது மழைத் தண்ணி சார், இரும்புத் தூசி படியும். வயர் ப்ரஷ் போட்டுத் தேய்ங்க, போயிடும்" என்றார்கள். மெஸ்ஸில் வேலை செய்யும் பையன் ஏணி போட்டு ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தான். இரண்டு நாள் பளபளவென்று இருந்தது. பத்தாவது நாள் முன்பைவிட இரண்டு மடங்கு கறை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் நாங்கள் கெடுத்துக்கொண்டது இது. எஸ்.எஸ். எழுத்தை இரும்பு வயர் ப்ரஷ்ஷால் ஒருநாளும் தேய்க்காதீர்கள். ப்ரஷ்ஷின் இரும்புத் துகள்கள் ஸ்டீலின் கீறல்களில் போய்ப் பதிந்துகொள்ளும். உப்புக்காற்று பட்டதும் முதலில் அந்தத் துகள்தான் துருப்பிடிக்கும், அப்புறம் அந்த இடத்தில் ஸ்டீலும் அரிக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். போர்டின் மேல்வரிசை, அதாவது 'மெஸ்' என்ற பெயர் இருக்கும் வரிசை, சன்ஷேடுக்குக் கீழே இருக்கிறது. அங்கே மழை படாது. கீழ்வரிசையில் நேராக மழை அடிக்கும். மழைத் தண்ணீர்தான் காரணம் என்றால் கீழ்வரிசைதான் அதிகம் கெட்டிருக்க வேண்டும். ஆனால் மேல்வரிசைதான் மோசம். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில் உப்பு அப்படியே உட்கார்ந்து தின்கிறது. பட்டறைக்காரர் சொன்னது பொய் என்று எனக்குச் சந்தேகம் வந்தது இதைப் பார்த்துத்தான்.

நாகப்பட்டினத்தில் படகுகளுக்கு வெல்டிங், ரெய்லிங் வேலை செய்யும் ஒரு அண்ணனைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். உப்புத் தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவர். வந்து பார்த்ததும் அவர் காந்தத்தை எடுக்கவே இல்லை. சோதனைத் திரவம் உள்ள சின்னக் குப்பி ஒன்றும் 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் எடுத்தார். எழுத்தின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட வைத்தார். சில நொடிகளில் அந்தச் சொட்டு சிவந்துவிட்டது. பிறகு தன் வண்டியில் இருந்த ஒரு துண்டு 304 தகட்டில் அதே மாதிரி செய்து காட்டினார். அது சிவக்கவில்லை. "தம்பி, இது 202. காந்தம் இதிலயும் ஒட்டாது. அத வச்சுத்தான் எல்லாரையும் ஏமாத்துறாங்க."

எனக்குத் தெரியாத விஷயம் அது. எஸ்.எஸ். என்பது ஒரே உலோகம் இல்லை. 304-இல் நிக்கல் 8 சதவீதமாவது இருக்கும். 202-இல் 4 முதல் 6 சதவீதம்தான். விலையைக் குறைப்பதற்காக நிக்கலைக் குறைத்து, மாங்கனீசை 7.5 முதல் 10 சதவீதம் வரை சேர்த்திருப்பார்கள். அந்தச் சொட்டு காட்டிக்கொடுப்பது அந்த மாங்கனீசைத்தான். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகை. சொல்லப்போனால் அசல் 304 தகட்டையே வளைத்த முனையில் காந்தம் லேசாக இழுக்கும். ஆக, காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று சொல்லவே முடியாது. 202 சமையலறைக்குள், கடலில்லாத ஊரில் வீட்டுக்குள் எல்லாம் ஓடும். கடற்கரையில் திறந்தவெளியில் வைக்க லாயக்கில்லை. அந்த அண்ணனைக் கேட்டால், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் 304-கூடப் போதாது, 316 போடுங்கள் என்கிறார். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பு புள்ளி புள்ளியாகத் துளைப்பதைத் தடுப்பது அதுதான்.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஒரு எழுத்தைக் கழற்றிக் காட்டினார். பின்னால் போட்டிருந்தவை சாதாரண துத்தநாக முலாம் பூசிய இரும்பு ஸ்க்ரூக்கள். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். ஸ்டீல் பெரியது, ஸ்க்ரூ சிறியது, சிறியதுதான் தீர்ந்துபோகும். ஒரு ஸ்க்ரூவின் தலை அவர் கையோடு வந்துவிட்டது. நல்ல எழுத்துக்கு 316 ஸ்க்ரூவும், தகட்டைத் தொடாமல் இருக்க நைலான் வாஷரும் போட வேண்டும். ஒரு எழுத்துக்கு ஆறு ஸ்க்ரூ என்று வைத்தாலும் மொத்தச் செலவில் இது ஒன்றுமே இல்லை. இதில்கூடவா கை வைப்பார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் ஃப்ரேம். "முழுசா செஞ்சு முடிச்சு, துத்தநாகத் தொட்டியில முக்கி எடுத்தது" என்று சொல்லித்தான் எங்களிடம் காசு வாங்கினார்கள். அண்ணன் குழாயைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "துளை எங்க?" என்று கேட்டார். இதை நன்றாகக் கவனியுங்கள். உருகிய துத்தநாகம் 450 டிகிரி சூட்டில் இருக்கும். இரண்டு முனையும் அடைத்த குழாயை அதில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடித்துவிடும். அதனால் முக்கி எடுக்கிற எந்தக் குழாயிலும் காற்று போக, துத்தநாகம் வடிய, துளை இருந்தே ஆக வேண்டும். எங்கள் ஃப்ரேமில் ஒரு துளைகூட இல்லை. கத்தியால் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட், அடியில் வெறும் இரும்பு. கீழ்மூலையில் சின்ன ட்ரில் போட்டதும் காப்பிக் கஷாயம் மாதிரி தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு இறங்கியது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டார்.

தகடும் அதே கதைதான். ஓரங்களில் பவுடர் கோட்டிங் அப்பளம்போல் பொரிந்து எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினால் பட்டையாக வருகிறது. கோட்டிங் போடுவதற்கு முன்னால் எண்ணெய் போக்கி, துரு போக்கி, பாஸ்பேட் கொடுக்க வேண்டும். அது செய்யாமல் மேலே தூவி அடுப்பில் வைத்தால் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வெயிலில் ஒரு வருடம் போனால்தான் தெரியும். லேசரில் வெட்டிய விளிம்பில் ஆக்சைடு படிந்திருக்கும், அதையும் தேய்த்து எடுக்க வேண்டும், கூர்மையான விளிம்பைக் கொஞ்சம் மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டிங் விளிம்பில் பிடிக்காது. இன்னொன்று, எங்கள் தகட்டைத் துடைத்தால் கையில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்குப் போடும் எபாக்சி கலந்த பவுடர் வெயிலில் இப்படித்தான் சுண்ணாம்பாக உதிரும். வெளியில் வைப்பதற்குப் 'ப்யூர் பாலியஸ்டர்' பவுடர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் பழைய டாக்டர் வீடு ஒன்றின் வாசலில் ஒரு எனாமல் பெயர்ப் பலகை இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே அது பழசு. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது. நீலத்தில் வெள்ளை எழுத்து, இன்றைக்கும் நேற்று எழுதியதுபோல் இருக்கிறது. ஸ்க்ரூ முடுக்கும்போது கண்ணாடி தெறித்த இடத்தில் மட்டும் ஒரு காசளவு துரு. அதே கடல் காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. "கடற்கரைன்னா அப்படித்தான் சார்" என்று பட்டறைக்காரர் என்னிடம் சொன்னபோது அந்தப் பலகைதான் கண்முன் வந்து நின்றது.

துருவை விடுங்கள், பயமாக இருந்தது வேறொன்று. கம்பம் ஊன்றிய கான்கிரீட் ஓரடி ஆழம்கூட இல்லை. எட்டுக்கு நாலு போர்டு ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர். கஜாவில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வீசியது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் சுமார் 68 கிலோ. போர்டு முழுக்க 200 கிலோ, அதுவும் மேலே உயரத்தில், நெம்புகோல் மாதிரி. 2024 டிசம்பர் மழையில் ஒரு எழுத்து கழன்று வாசல் திண்ணையில் விழுந்தது. காவி உடுத்தி நடந்து வரும் பக்தர்கள் காலாற உட்காரும் திண்ணை அது. விடியற்காலை என்பதால் யாரும் இல்லை. அன்றைக்கே போர்டு முழுவதையும் இறக்கிவிட்டோம்.

பட்டறையில் என்ன சொன்னார்கள் என்றால், "நாங்க எங்க சார் 304-ன்னு எழுதிக் குடுத்தோம்?" உண்மைதான், துண்டில் எஸ்.எஸ். என்று மட்டும்தான் இருக்கிறது. வாயால் சொன்னதற்கு நானும் அக்காவும்தான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அதன்பிறகு 10,000 ரூபாய் தருகிறேன் என்று இறங்கி வந்தார்கள். அக்கா வாங்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும், எங்களிடமும் சொன்னார்கள். ஆனால் 2019 சட்டத்தில், சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவர் வாங்கியதற்கு விலக்கு இருக்கிறது. அக்கா தானே அடுப்படியில் நின்று நடத்தும் மெஸ். 5 லட்சம் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று இழுக்காதீர்கள்.

ஆகையால் செய்யக் கொடுக்கும்போதே பில்லில் 'எஸ்.எஸ். 316' என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். கேஜ் என்று சொல்லி நழுவ விடாதீர்கள். மில் டெஸ்ட் சர்டிபிகேட், அதாவது தகடு செய்த ஆலை கொடுக்கும் தரச் சான்று, அதன் நகல் கேளுங்கள். எழுத்தைப் பொருத்துவதற்கு முன் உங்கள் கண்முன் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிறம் எந்தத் தரம் என்பது குப்பிக்குக் குப்பி மாறும், குப்பியின் மேலேயே போட்டிருக்கும். நியாயமான பட்டறைக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

புது போர்டு போன ஆடியில் ஏறியது. படகு அண்ணன்தான் செய்தார். 316 எழுத்து, ஹேர்லைன் இல்லாமல் மிரர் பாலிஷ். கோடு இருந்தால் அந்தக் கோட்டில் உப்பு தங்குமாம். ஃப்ரேமில் வடிகால் துளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்கா ஞாயிறுதோறும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறார், முக்கியமாகச் சன்ஷேடுக்குக் கீழே உள்ள வரிசையை. இதுவரை ஒரு புள்ளி இல்லை.

நானும் ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் திரவம் இருக்கிறது. வேளாங்கண்ணி, நாகூர், வேதாரண்யம் பக்கம் யாராவது போர்டு செய்யக் கொடுத்திருந்தால், மீதிப் பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு வருகிறேன்.