மொட்டை மாடியில் சூரிய அடுப்பு: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

பள்ளிச் செயல்திட்டத்துக்கென்று சூரிய அடுப்பு செய்து, மதிப்பெண் வாங்கியதும் பரணில் போட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் அது சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் செய்து முடித்த பிறகுதான்.

செய்முறை எளிது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சின்னப் பெட்டி, நடுவில் கசக்கிய செய்தித்தாள், உள்சுவரில் அலுமினியத் தாள், அடியில் கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி. மூடியின் உட்புறத்திலும் அலுமினியத் தாள் ஒட்டிக் குச்சியால் முட்டுக் கொடுத்தால் கூடுதல் வெயில் உள்ளே விழும். தெர்மாகோல் வேண்டாம், சூட்டில் சுருங்கிவிடும். கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் நெடி போகும்வரை வெறும் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு சமையுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, 42 டிகிரியோடு நின்றுவிடும். கேக் சுடும் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அதுதான் இதில் உருப்படியான செலவு. என் மகள் அரை மணிக்கொரு முறை குறித்து வரைபடம் போட்டாள். விறுவிறுவென ஏறிய கோடு 100 டிகிரி பக்கம் வந்ததும் படுத்துக்கொண்டது. “வெயில் அதேதானேப்பா அடிக்குது, ஏன் ஏறல?” என்றாள். உள்ளே வரும் வெப்பமும் வெளியே கசியும் வெப்பமும் சமமாகும் இடம் அது. சொன்னதும் பழைய போர்வையை மடித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். கோடு இன்னும் கொஞ்சம் மேலே போனது. 1767-இல் ஜெனீவாவின் விஞ்ஞானி சொஸ்யூர் கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்துச் சோதித்ததும் இதே வேலைதான் என்றபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வருடம் முழுக்கப் பயன்படுத்தினால்தான் பிடிபடும் விஷயம் சூரியனின் திசை. பிரதிபலிப்பானை, அதாவது அலுமினியத் தாள் ஒட்டிய மூடியை, தெற்கே பார்த்து வைக்கச் சொல்லும் குறிப்புகள் வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் நாடுகளுக்கு எழுதியவை. மதுரை 10 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே. இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அப்போது பெட்டியை வடக்கே திருப்ப வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். குச்சி நட்டு நிழல் பார்த்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சமையலுக்குப் பாசிப்பருப்பு அருமை. காலை 10 மணிக்கு வைத்தால் மதியத்துக்குக் குழைந்திருக்கும், அடிபிடிக்காது, கிளற வேண்டாம். முட்டை தண்ணீர் இல்லாமலே வெந்துவிடும். சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் எங்கள் வீட்டு விருப்பம்: தோல் சுருங்கி, வெடித்த இடத்தில் பாகு கசிந்து கெட்டியாகியிருக்கும். தாளிப்புக்கு காஸ் அடுப்புதான். அடிக்கடி கண்ணாடியைத் தூக்கிப் பார்க்காதீர்கள், ஏறிய சூடு இறங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஊறிப்போவதால் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடும். மைதாப் பசை இருந்தால் கரப்பான் அரிக்கும். அடுத்த பெட்டியை பிளைவுட்டில் செய்யப் போகிறோம்.

திடீரென மேகம் மூடினால், பாதி வெந்ததை மாலைவரை உள்ளே விடாதீர்கள். அந்த வெதுவெதுப்பில் சாப்பாடு கெட்டுவிடும். உடனே எடுத்துக் குக்கரில் ஏற்றிவிடுங்கள்.