4 ஜிபி லேப்டாப்பில் மைன்கிராஃப்ட்: ஜாவாவா, பெட்ராக்கா?

"கட்டம் கட்டமா இருக்கிற கேம்தானே, பழைய லேப்டாப்பே தாங்கும்" என்று நம்பி மைன்கிராஃப்ட் வாங்குபவர்கள் நிறைய. இது ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகளாகக் கிடைக்கிறது; எளிய லேப்டாப்புக்கு எது சரி என்பதுதான் கேள்வி. ஆனால் இந்த விளையாட்டின் உலகமே சதுரக் கட்டிகளால் ஆனது; எந்தக் கட்டியையும் உடைக்கலாம், நகர்த்தலாம். அதனால் கண்ணில் படாதவற்றுக்கும் கணினி கணக்கு வைத்தாக வேண்டும். உலகம் சங்க் என்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சங்க் 16-க்கு 16 கட்டி. 2021-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து உயரம் 384. எத்தனை சங்க் தொலைவு வரை காட்ட வேண்டும் என்று சொல்லும் ரெண்டர் டிஸ்டன்ஸை 12-இல் வைத்தால் உங்களைச் சுற்றி 625 சங்க், அதாவது ஆறு கோடிக்கு மேல் கட்டி இடங்கள். 6-க்கு இறக்கினால் 169 சங்க்தான். எந்தப் பதிப்பானாலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஜாவா பதிப்பில் தொல்லை ரேமில் ஆரம்பிக்கிறது. எஃப்3 அழுத்தினால் வலது மேல் மூலையில் மெமரி சதவீதம் தெரியும். அது மெல்ல ஏறிக்கொண்டே போய் சட்டென்று விழும். ஜாவா பழைய தரவுகளைக் கூட்டித் தள்ளும் நேரம் அது. மெமரி குறைவாக இருந்தால் படம் திக்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். சரி, ரேமை அள்ளிக் கொடுக்கலாமே என்றால், 4 ஜிபியில் விண்டோஸ், பிரவுசர் போக மிச்சமே கொஞ்சம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரையவும் அதே ரேமில்தான் பங்கு போகும்.

பெட்ராக் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. செல்போனுக்காக வந்த பாக்கெட் எடிஷனின் வழித்தோன்றல். சின்னக் கருவியில் ஓடவே பிறந்ததால், எளிய லேப்டாப்பில் இது தெளிவாக முந்துகிறது. ஆனால் கணினியில் விண்டோஸுக்கும் குரோம்புக்குக்கும் மட்டும்தான். விளையாட்டுக்குள் மின்சுற்று மாதிரி இயந்திரம் கட்ட உதவும் ரெட்ஸ்டோனும் வேறு மாதிரி வேலை செய்யும். ஜாவாவுக்கான வீடியோவைப் பார்த்துக் கட்டியது இங்கே ஓடாமல் போகலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களும் மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) இல்லாமல் முடியாது என்பவர்களும் ஜாவாவோடு சோடியம் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், படம் வரையும் பகுதியை அடியோடு மாற்றி எழுதிய மாட். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: சோடியம் இல்லாத ஜாவாவை 4 ஜிபி இயந்திரத்தில் ஓட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் சோடியம் சரிசெய்யாது. விளையாட்டின் உலகம் நொடிக்கு 20 முறை நகர்கிறது, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி. ஜாவாவில் அந்த வேலையில் பெரும்பகுதி பிராசசரின் பல கோர்களில் ஒரே கோர் தலையில் விழுகிறது. நூறு கோழியை ஒரே கூண்டில் அடைத்துவிட்டு எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு லித்தியம் மாட் ஓரளவு கைகொடுக்கும்.

விண்டோஸ்காரர்களுக்கு 2022 முதல் இரண்டும் ஒரே விலையில் சேர்ந்தே கிடைக்கின்றன. பெட்ராக்கில் தொடங்குங்கள், மாட் ஆசை வந்தால் ஜாவா கையிலேயே இருக்கிறது.