கண்காணிப்பு என்ற பெயரில் 3,600 வெள்ளி பறிபோனது

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டி நாங்கள் நடத்தும் சிறிய கணக்கு அலுவலகத்தின் பொதுச் சர்வரில் கணினி நிர்வாகிகள் (அட்மின்கள்) செய்வதையெல்லாம் கண்காணித்துத் தருவதாகச் சொல்லி, ஒரு கணினிப் பராமரிப்பு நிறுவனம் எங்களிடம் 3,600 வெள்ளி வாங்கியது. வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல்கள் இருந்த கோப்புறை இந்த வாரம் காணாமற்போனபோதுதான் அந்தக் கண்காணிப்பு பெயரளவுக்குக்கூட இல்லை என்று தெரிந்தது. நடந்ததையும், நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்பதையும் எழுதுகிறேன்.

வேலையை ஒப்படைக்க வந்த இளைஞர் தமிழர். என் கண்ணெதிரே நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, உடனே திரையில் 4672 என்ற எண்ணோடு ஒரு வரி விழுவதைக் காட்டி, “பார்த்தீங்களா அக்கா, அட்மின் உரிமையோட யார் உள்ள வந்தாலும் இதுல விழுந்திடும், நகல் இன்னொரு கணினிக்கும் போயிடும்” என்றார். விலைப்புள்ளியிலும் அப்படியே எழுதியிருந்தது. அன்று மாலையே பேநவ்வில் முழுத் தொகையையும் அனுப்பினேன்.

இப்போது, யார் எப்போது நுழைந்தார்கள் என்பதையெல்லாம் விண்டோஸ் வரிவரியாகக் குறித்துவைக்கும் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தால், ஆக அடியில் 1102 என்ற வரி நிற்கிறது. பதிவேடு அழிக்கப்பட்டது என்பது அதன் பொருள். அதற்கு முந்தையது ஒன்றுகூட இல்லை. அழித்த கணக்கின் பெயரை விண்டோஸ் அந்த வரியில் குறித்துவிடும் என்றாலும், அங்கிருப்பது ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பொதுப்பெயர்தான், ஏனெனில் தங்கள் ஊழியர்கள் அனைவருக்கும் அந்த ஒரே கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும்தான் அவர்கள் வைத்திருந்தார்கள். நகல் எந்தக் கணினிக்கும் ஒருநாளும் போனதில்லை.

தொலைபேசியில் கேட்டால், இடம் நிரம்பினால் பழைய வரிகள் தாமாகவே போய்விடும் என்கிறார்கள். இது பச்சைப் பொய். அப்படிப் போனால் 1102 விழாது. பிறகு, அந்த இளைஞர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அதன்பின், கூடுதல் கட்டணத்தில் உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள்! 3,600 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு நீலக்குறி விழுந்ததோடு சரி.

ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனிக் கணக்கு கேளுங்கள். பதிவேட்டின் நகல், அந்த நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லாத கணினிக்குப் போக வேண்டும். பணம் கொடுக்குமுன் உங்கள் எதிரிலேயே பதிவேட்டை அழிக்கச் சொல்லி, நகல் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் தாக்கல் செய்யலாம், நானும் செய்யப்போகிறேன்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இது அறிவிக்கவேண்டிய தரவுக் கசிவு என்று மதிப்பிட்டால் 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். வாடிக்கையாளர்களை அழைத்துச் சொல்லும் வேலையே இன்னும் முடியவில்லை.