சாக்ஸபோனுக்கு ‘வா பெடல் செட்’ வாங்கப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

சேலத்தில் சாக்ஸபோன் வாசிக்கிறவர்கள் யாராவது வா பெடல் (காலால் அழுத்தி அழுத்தி சத்தத்தை ‘வா வா’ என்று பேச வைக்கும் பெட்டி) வாங்கும் யோசனையில் இருந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். டவுனில் ஒரு கடையில் ‘சாக்ஸ் எஃபெக்ட் செட்’ என்று ஒன்றைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கிட்டாருக்கான ஒரு வா பெடல், சாக்ஸின் பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) மாட்டுகிற ஒரு கிளிப் மைக், ஒரு பக்கம் மைக்குக்கான மூன்று பின் கேனன் பின்னும் மறுபக்கம் கிட்டார் ஜாக்கும் வைத்த ஒரு ஒயர், ஒரு அடாப்டர். 18,500 ரூபாய். கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். செட்டில் என்ன கோளாறு என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மைக்கிலிருந்து நேராகப் பெடலுக்கா என்று கடையிலேயே கேட்டேன். “அண்ணா, வா பெடலே ட்ரம்பெட்காரர் பேர்லதாங்ணா மொதல்ல வந்துச்சு, நேரா சொருகி ஊதுங்க” என்றார் கடைக்காரர். இதில் முதல் பாதி உண்மை, அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. 1966இல் அமெரிக்காவில் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர் செய்த சர்க்யூட் அது. விற்பனைக்கு வந்தபோது கிளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட் கலைஞரின் பெயரைத்தான் பெடலில் போட்டார்கள், ஊதும்போது மியூட்டை (ட்ரம்பெட் வாயில் வைக்கும் அடைப்பு) மூடித் திறந்து ‘வா வா’ என்று பேச வைத்தவர் அவர். மைல்ஸ் டேவிஸ் 1970களில் ட்ரம்பெட்டை வா பெடல் வழியாக வாசித்தார். அதற்கு முன்பே சாக்ஸபோன் கலைஞர் எடி ஹாரிஸ், செல்மர் கம்பெனியின் வேரிடோன் கருவியைப் பொருத்தி சாக்ஸபோன் வாசித்தார். ஆனால் அந்த வேரிடோன் என்பது பிக்கப்பும் (கருவியிலேயே பொருத்தி சத்தத்தைப் பிடிப்பது) அதற்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த முழு ஏற்பாடு. அந்தப் பகுதியை மட்டும் கடைக்காரர் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து பெடலில் 9 வோல்ட் பேட்டரி போட்டு, அவர் சொன்னபடியே மாட்டினால் சத்தமே வரவில்லை. வராது. அந்தக் கிளிப் மைக் கண்டென்சர் வகை, மிக்ஸரிலிருந்து மைக் ஒயர் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்) போனால்தான் அது உயிரோடு இருக்கும், கிட்டார் பெடல் அதைக் கொடுக்காது. போய்ச் சொன்னேன், மன்னிப்பு ஒன்றும் இல்லை, தனியாக ஒரு ஃபேன்டம் பெட்டியை எடுத்து வைத்து அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். அதை மாட்டியதும் சத்தம் வந்தது, ஆனால் மெலிசாக, பின்னால் ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சலோடு. காரணம் இதுதான்: வா பெடல் கிட்டார் பிக்கப் தரும் அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது, மைக்கின் சிக்னல் பொதுவாக அதைவிடச் சின்னது. மூன்று பின் ஒயர் வழியில் புகும் இரைச்சலைத் தானே கழித்துவிடும் விதத்தில் இருப்பது, ஒரு முனையில் மோனோ ஜாக் வைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பெடலிலிருந்து மேடை நீளத்துக்கு ஒயர் இழுத்து மிக்ஸருக்குப் போனால் இன்னும் மோசம்.

சரி, இதோடு போயிருந்தால்கூட வேண்டாத பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விட்டிருக்கலாம். அடாப்டர்தான் பெரிய மோசடி.

ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒரே ஒரு பாட்டுக்காவது வா பயன்படுத்தலாம் என்று பெடலை மேலே கொண்டுபோனேன், நடுவில் பேட்டரி தீரக் கூடாது என்று செட்டோடு அவர்களே கொடுத்த அடாப்டரைச் சொருகினேன். கருகிய வாடை, அவ்வளவுதான், பெடல் போய்விட்டது. நல்லவேளை, சவுண்ட் சர்வீஸ்காரர் ஸ்டாண்டு மைக் ஒன்றை நீட்டினார், எஃபெக்ட் இல்லாமல் கச்சேரி முடிந்தது. அப்புறம் அவர்தான் அடாப்டரைத் திருப்பிக் காட்டினார்: 12 வோல்ட், நடுப் பின் பாசிட்டிவ், சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற மாதிரியான ஒன்று. பெடலில் அச்சடித்திருப்பது 9 வோல்ட், நடுப் பின் நெகட்டிவ். பெரும்பாலான பெடல்கள் அப்படித்தான், சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் சின்ன வட்டமும் பிளஸ் மைனஸ் குறியும் போட்டிருக்கும், அடாப்டரிலும் அதே படம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் தயவுசெய்து சொருகாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும்.

கடையில் என்ன பதில் தெரியுமா? “இந்த அடாப்டர் நாங்க குடுத்தது இல்லைங்க.” பில் என்று அவர்கள் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு, ‘சாக்ஸ் செட் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டபோதே “அப்புறமா வாட்சப்ல அனுப்பறேன்” என்றவர்கள் இன்றுவரை அனுப்பவில்லை. மாற்றியும் தரவில்லை, பணமும் இல்லை. ஒரு வாசிப்புக்காரன் சீசன் முழுக்க ஊதிச் சேர்த்த பணம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

வா பெடலே சாக்ஸுக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எனக்கு அதில்தான் ரொம்ப வருத்தம். அதே சவுண்ட் சர்வீஸ்காரர் அம்மாப்பேட்டையில் தன் இடத்துக்கு வரச் சொல்லி வேறொரு வா பெடலில் செய்து காட்டினார். மைக்கை மிக்ஸரில் சொருகி, ஃபேன்டம் அங்கேயே கொடுத்து, ஆக்ஸ் அவுட்டிலிருந்து (மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) சத்தத்தை நன்றாகக் குறைத்து வா பெடலுக்கு, பெடலிலிருந்து ஒரு டிஐ பாக்ஸ் (பெடல் சிக்னலை மிக்ஸரின் மைக் சேனலுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸரின் இன்னொரு சேனலுக்கு. திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸைத் திறந்துவிடக் கூடாது, திறந்தால் ஊளைதான். என்ன அருமையான சத்தம் தெரியுமா! ஆல்டோ வகை சாக்ஸின் சுரங்கள் ஏறக்குறைய 140இலிருந்து 880 ஹெர்ட்ஸ் வரை, வா பெடல் துருத்திக் காட்டுவதோ சுமார் 400இலிருந்து 2000 வரை, அதனால் கீழ்ச் சுரங்களைப் பிடித்து நிறுத்திப் பெடலை மெதுவாக அழுத்தினால் அந்தச் சுரத்துக்குள்ளேயே ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். மானிட்டர் ஸ்பீக்கருக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள், வா எந்த இடத்தைத் தூக்குகிறதோ அங்கேதான் முதலில் கூவும். மிக்ஸரை நம்ப முடியாத மேடைகளுக்கு ரேடியல் கம்பெனியின் வோகோ-லோகோ போன்ற பெட்டி இருக்கிறது, மைக்கையும் கிட்டார் பெடலையும் சேர்ப்பதற்கென்றே செய்தது. விலை அதிகம், ஆனால் அது செய்யும் வேலை உண்மையான வேலை.

அந்தக் கடையிலேயே ஆக்டேவர் பெடலும் (வாசிக்கும் சுரத்தோடு ஒரு ஸ்தாயி தள்ளிய அதே சுரத்தைச் சேர்ப்பது) ‘சாக்ஸுக்கு’ என்று காட்டுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்பதால் சாக்ஸுக்கு அது நன்றாகவே பொருந்தும், ஆனால் பக்கத்தில் தவில் இருந்தால் மைக்கில் அதுவும் புகுந்து ஆக்டேவர் தடுமாறும். இதையும் சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே அந்தச் செட்டை வாங்கியவர்கள் அடாப்டரைச் சொருகாமல் அதன் லேபிளையும் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், பணம் கட்டிய ஜிபே விவரத்தையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் அதில்தான் பதிவு செய்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதே அடாப்டர் இன்னொருவரிடமும் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், ‘நாங்க குடுத்தது இல்லை’ என்ற பேச்சு அதன்பிறகு எடுபடாது.