நீதிமன்றத்தில் குழந்தைக்காகப் பேசும் தன்னார்வப் பணி: காஸா (CASA) திட்டம் குறித்த ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி அரசின் பொறுப்பில் வந்து சேரும் குழந்தைகளின் வழக்குகளில், நீதிபதிக்கு உதவுவதற்காகப் பொதுமக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து நியமிக்கும் ஏற்பாடு, கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட், சுருக்கமாகக் காஸா. நான் வசிக்கும் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இப்பணியில் சேர்ந்து, ஒரு வழக்கின் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்தேன். அவ்வழக்கைப் பற்றி இங்கே ஒரு வரியும் இடம்பெறாது. நீதிபதியின் முன் எடுத்துக்கொண்ட இரகசியக் காப்பு உறுதிமொழி வழக்கு முடிந்தபின்னும் கட்டுப்படுத்தும். பயிற்சி, பணியின் தன்மை, நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

குழந்தை வழக்குகளில் நீதிமன்றத்தில் அதன் நலனை எடுத்துரைக்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்பது, 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்வழி நிதி பெறும் மாநிலங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அந்த ஒருவர் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, சியாட்டில் நகரில் நீதிபதியாக இருந்த டேவிட் சூக்கப் 1977இல் வேறொரு விடை கண்டார். போதிய தகவலின்றிக் குழந்தைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நேர்ந்ததே அவரை உறுத்தியது. ஆகவே பயிற்சி பெற்ற சாதாரண மக்களை அப்பணியில் அமர்த்தினார். சமூகநலத் துறைப் பணியாளரின் மேசையில் பல குடும்பங்களின் கோப்புகள் குவிந்திருக்கும். தன்னார்வலரின் கையில் இருப்பதோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வழக்குகள். இத்திட்டத்தின் பலம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இருபத்தொரு வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. நேர்காணலும் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்தபின் குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி, பணியில் இருக்கும்வரை ஆண்டுதோறும் மேலும் 12 மணி நேரம். சட்டம், குழந்தை உளவியல், போதைப் பழக்கம், குடும்ப வன்முறை என்று பாடங்கள் பல இருந்தாலும், என் மதிப்பில் மிகச் சிறந்தது அறிக்கை எழுதும் பகுதிதான். பயிற்சிக்காகத் தரப்பட்ட கற்பனை வழக்கில் "வீடு அலங்கோலமாக இருந்தது" என்று எழுதினால் பயிற்றுநர் அதை அடித்துவிடுவார். தொட்டியில் கழுவாத பாத்திரங்கள் கிடந்தன, குளிர்பதனப் பெட்டியில் பாலும் முட்டையும் இருந்தன, படுக்கை விரிப்பு துவைத்ததாக இருந்தது என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்வார். இது வெறும் நடைப் பயிற்சி அன்று. இவ்வகை வழக்குகளில் பெரும்பான்மை அடி உதை பற்றியவை அல்ல, புறக்கணிப்பு பற்றியவை. புறக்கணிப்பு எது, வறுமை எது என்று பிரித்தறியாதவரின் ஒரு சொல், ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடக்கூடும்.

பணி தொடங்கியபின் மாதம் ஒரு முறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், அரசு ஏற்பாட்டில் குழந்தையைத் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பெற்றோர், பெற்ற தாய் தந்தையர், உறவினர் எல்லோரிடமும் பேசி, நீதிமன்ற ஆணையின் துணையுடன் பள்ளி மற்றும் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு விசாரணைக்கு முன்பும் பரிந்துரைகளுடன் அறிக்கை அளிக்க வேண்டும். நீதிபதி அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தையின் விருப்பத்துக்கும் அதன் நலனுக்கும் இடையே முரண்பாடு எழுந்தால், நலனையே நாம் பரிந்துரைக்கிறோம். ஆனால் குழந்தை கேட்டது என்ன என்பதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

செய்யக்கூடாதவற்றின் பட்டியல்தான் நம்மவர்களுக்குக் கடினமாக இருக்கும். குழந்தையை வீட்டுக்கு அழைத்துவந்து ஒரு வேளை சோறு போடுவதும், குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உதவுவதும், "நீ கட்டாயம் அம்மாவிடம் போய்விடுவாய்" என்று வாக்களிப்பதும் கூடாது. கேட்கவும் எழுதவும் அதிகாரம் உண்டு. கைநீட்டி எதையும் கொடுக்க உரிமை இல்லை. தொடக்கத்தில் இரக்கமற்ற விதியாகத் தோன்றிய இது, பெற்றோர் தரப்பும் என்னிடம் அச்சமின்றிப் பேசுவதற்குக் காரணமாக இருப்பதைப் போகப்போகக் கண்டேன்.

குறைகளும் உண்டு. 1997ஆம் ஆண்டின் சட்டப்படி, குழந்தை கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் வளர்ப்பு இல்லத்தில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவர அரசுத் தரப்பு மனுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வழக்கின்மீதும் நிழலாக விழும் இந்தக் காலக்கெடுவை எங்கள் பயிற்சி மேலோட்டமாகத் தொட்டுச் சென்றது. எங்களை வழிநடத்தும் மேற்பார்வையாளர்கள் அடிக்கடி மாறினார்கள். புதிதாக வருபவருக்கு வழக்கை முதலிலிருந்து விளக்குவதில் நேரம் வீணாயிற்று. இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாதந்தோறும் இத்தனை மணி நேரத்தை ஊதியமின்றித் தரக்கூடியவர்கள் பெரும்பாலும் வசதியான நடுத்தர வர்க்கத்தினர். வழக்கில் சிக்கும் குடும்பங்களோ ஏழைகள். தன்னார்வலர் உள்ள வழக்குகளில் குழந்தைக்குக் கூடுதல் சேவைகள் கிடைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உள்ளன. பெற்றோருடன் மீண்டும் சேர்வது குறைவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. திட்டத்தின் விளம்பரக் கையேடுகள் முதல் வகையை மட்டுமே பேசுவது நேர்மையாகப் படவில்லை. தன்னார்வலர் தமக்குள் இருக்கும் முன்முடிவுகளை அறிதல் பற்றிய வகுப்பை ஓர் அமர்வோடு முடிக்காமல், வழக்கு நடக்கும் காலம் முழுவதும் தொடர வேண்டும்.

இவ்வளவு சொன்னபின்னும் விண்ணப்பிக்கும்படி நண்பர்களிடம் பரிந்துரைக்கிறேன், இரண்டு எச்சரிக்கைகளுடன். விசாரணைகள் வேலை நாள்களின் பகல் பொழுதில்தான் நடக்கும் என்பதால் அலுவலகத்தில் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு ஓராண்டுக்கு மேல் நீள்வது இயல்பு; குழந்தையின் வாழ்வில் வீடும் பள்ளியும் பணியாளரும் மாறிக்கொண்டே இருக்கையில் தன்னார்வலரும் பாதியில் விலகக் கூடாது என்று நிர்வாகம் வலியுறுத்துகிறது. வேலை மாற்றத்தால் ஊர் மாறக்கூடிய நிலையில் இருப்பவர்கள், அந்த நிலை தெளிவாகும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பதே முறை.