சுழலும் மேசையும் நகரும் தட்டும்

கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அத்தையும் சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை இரவுகளில் வெளியே சாப்பிடப் போனோம். முதல் வாரம் ஜப்பானிய உணவகம், மறுவாரம் சீன உணவகம். அம்மா மீனும் கோழியும் சாப்பிடுவார், மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். அத்தை முழுச் சைவம், முட்டைகூடக் கிடையாது. பெரியவர்களை அழைத்துப்போக ஜப்பானிய உணவுதான் நல்லது, எண்ணெய் குறைவு, காரம் இல்லை, எல்லாம் சுத்தம் என்றே பல வருடங்களாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை முதல் இரவிலேயே ஆட்டம் கண்டது.

அத்தைக்குக் காய்கறி டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), சோறு என்று சொன்னேன். பரிமாறிய பெண் தயங்கி, சமையலறையில் கேட்டுவிட்டு வந்தார். சூப்பில் மீன் இருக்கிறது, டெம்புராவுக்கான தொடுசாறிலும் இருக்கிறது, மாவில் முட்டை சேர்த்திருக்கிறோம் என்றார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அத்தை அதைக் குடித்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஜப்பானியச் சமையலின் உயிர் தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், காயவைத்துப் புகையூட்டி மரச்சீவல்போலச் சீவிய கட்ஸுவோ மீனையும் வெந்நீரில் போட்டு எடுப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, முட்டைச் சுருள், டோஃபு என்ற சோயாக் கட்டியின் மேல் ஊற்றும் குழம்பு எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. டோஃபு உறைக்குள் சோற்றை அடைத்த இனாரி சுஷியின் இனிப்பான உறைகூடப் பெரும்பாலும் அதில்தான் வேகிறது. மீன் கண்ணுக்குத் தெரியாது, மணமும் மெல்லியது. அன்று அத்தைக்குக் கிடைத்தவை வெள்ளரிக்காய்ச் சுருளும் உப்புத் தூவிய பச்சை சோயா அவரையும்தான். கியோத்தோ, கோயாசான் போன்ற இடங்களில் புத்த மடங்கள் வளர்த்த ஷோஜின் ரியோரி என்ற அருமையான சைவ மரபு ஜப்பானில் உண்டு. ஆனால் சாதாரண உணவகத்தின் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை.

மறுவாரம் சீன உணவகத்துக்கு அரைமனத்தோடுதான் போனேன். அங்கே 'சூ' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது. சீன மொழியில் அது சைவ உணவைக் குறிக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடும் சீனர்கள் இங்கே ஏராளம். புத்த மரபுச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது என்றதும், ஏகாதசிக்கு ஏகாதசி வெங்காயம் ஒதுக்கும் அத்தையின் முகம் மலர்ந்தது. குவான்யின் அம்மனை வணங்குவோர் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. ஆகவே அம்மாவுக்காக 'மாடு வேண்டாம்' என்றபோது யாரும் புருவம் உயர்த்தவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. கீரைப் பொரியலில் சிப்பிச் சாறு இருக்கும், மாப்போ டோஃபுவில் கொத்திறைச்சி இருக்கும். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டால் புரிகிறது, மாற்றித் தரவும் வழி இருக்கிறது. சைவக்காரர் ஒருவர் கூட இருந்தால் நான் இனி சீன உணவகத்துக்கே போவேன்.

இன்னொரு வேறுபாடு மேசையிலேயே தெரிகிறது. ஜப்பானிய உணவகத்தில் ஆளுக்கொரு தட்டம். அவரவர் சோறு, அவரவர் சூப், அவரவர் ஊறுகாய். அத்தையின் தட்டம் வெறிச்சோடிக் கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எங்கள் தட்டத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் எதுவுமில்லை. சீன உணவகத்து வட்ட மேசையில், சைவப் பதார்த்தங்கள் இரண்டும் நடுவிலிருந்த சுழல்தட்டில் எல்லோரையும் சுற்றி வந்தன. எல்லோரும் அவற்றிலிருந்து எடுத்தோம். அத்தை தனியாகத் தெரியவில்லை.

அந்தச் சுழல்தட்டுக்கு ஒரு கதை உண்டு. 1879-இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் டே, 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கப் போராடியவர். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் தங்கள் குச்சிகளை விடுவதால் காசநோய் பரவுகிறது என்று கவலைப்பட்ட அவர், நடுவில் சுழலும் தட்டு வைத்து, பொதுக் கரண்டியால் பரிமாறிக்கொள்ளும் முறையை 1915-இல் முன்வைத்தார். கூடி உண்பதைக் கைவிடாமல் நோயை மட்டும் விலக்க ஒரு வழி.

ஜப்பானிலும் உணவு சுழல்கிறது. ஷிராய்ஷி யோஷியாகி என்ற சுஷிக் கடைக்காரர், பீர் தொழிற்சாலையில் புட்டிகள் நகரும் பட்டையைப் பார்த்து, 1958-இல் ஒசாகாவுக்கு அருகே முதல் சுழல் சுஷிக் கடையைத் திறந்தார். ஆட்கள் குறைவாக வைத்து, மலிவாகப் பலருக்குக் கொடுப்பது அவர் எண்ணம். வூவின் தட்டு பத்துப் பேரை ஒரே மீனைப் பார்த்து உட்காரவைக்கிறது. ஷிராய்ஷியின் பட்டையில் நகரும் சிறுதட்டை எடுப்பவர் ஒருவர், அது அவருக்கு மட்டுமே.

மீன் என்று வந்துவிட்டால் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. தியோச்சியூ என்ற சீனச் சமூகத்தாரின் முறையில் அவித்த வாவல் மீனை அம்மா அன்றுதான் முதன்முறை சாப்பிட்டார். ஊறுகாய்ப் பிளம், உப்பிட்ட கடுகுக்கீரை, தக்காளி, இஞ்சி சேர்த்து ஆவியில் வைப்பார்கள். மசாலா இல்லாத மீன் கவிச்சி அடிக்கும் என்று பயந்தவர், அடியில் நின்ற சாற்றைக் கரண்டியால் எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். நல்ல சீன உணவகத்தில் தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டிச் சொல்லலாம். உயிரோடு இருந்தது என்பதே அங்கே பெருமை. ஜப்பானிய சுஷிக் கலைஞரின் பெருமை வேறு. சூரை மீனைச் சில நாள் பக்குவமாக வைத்திருந்தால் சுவை கூடும் என்பார். அவருக்குக் கத்திதான் அடுப்பு. எதிரே உட்கார்ந்து அவர் சோற்றைப் பிடிக்கும் கைவாக்கைப் பார்ப்பதற்கே பணம் கொடுக்கலாம். நம்மவர்கள் தயங்கவே வேண்டாத ஒரு செய்தி: சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்த பிடிச் சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முறையானதே. சோற்றுப் பக்கம் சோயாவில் படாமல், மீன் பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும். எல்லோரும் விரும்பும் சால்மன் சுஷி பழைய மரபு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1980-களில் நார்வே தன் மீனை விற்க எடுத்த முயற்சியால் ஜப்பானில் வேரூன்றியது அது.

"சீனச் சாப்பாட்டில் அஜினமோட்டோ போடுவார்களே" என்று அத்தை கேட்டார். நம் வீடுகளில் எல்லோரும் கேட்பதுதான். அஜினமோட்டோ ஜப்பானியச் சொல். 1908-இல் தோக்கியோவில் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர், தாஷிக்குப் போடும் அதே கொம்புப் பாசியிலிருந்து அந்தச் சுவையூட்டும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறுவருடமே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968-இல் சீன உணவகத்தில் சாப்பிட்டபின் உடல் உபாதை வருவதாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதத்தையொட்டி, பழி முழுவதும் சீன உணவகங்களின் தலையில் விழுந்தது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. உமாமிக்காக ஜப்பானிய உணவைப் புகழ்கிறவர்கள், அதே பொருளுக்காகச் சீன உணவை ஒதுக்குவது நியாயமே இல்லை.

இத்தனை சொன்னாலும், தனியாகச் சாப்பிடும் இரவுகளில் நான் சீன உணவகத்தை நாடுவதில்லை. வட்ட மேசை தனி ஆளுக்கானது அல்ல. ஒருவராகப் போனால் ஒரு மீன், ஒரு கீரை என்று சொல்வதற்குள் மூன்று பேருக்கான அளவு வந்துவிடும். ஜப்பானியக் கடையின் நீள்மேசை ஒற்றை ஆளை மதிக்கிறது. வேலை முடிந்து களைத்த இரவில், ராமென் என்ற நூடுல்ஸ் சூப் கிண்ணத்தின் முன்னால் இருபது நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்த ராமென்னும் சீனத்திலிருந்து போனதுதான். 1910-இல் தோக்கியோவின் அசாகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் கடைதான் அதைப் பிரபலமாக்கியது. நீண்ட காலம் ஜப்பானியர்கள் அதைச் 'சீன நூடுல்ஸ்' என்றே அழைத்தார்கள்.

செலவுக்கு வருகிறேன். இரண்டு வகையிலும் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதன்மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்வது வழக்கம். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 119.90 வெள்ளி. சீன உணவகத்தில் மேசையில் வைக்கும் வேர்க்கடலை, ஈரத்துணி, ஆளுக்கொரு தேநீர் எல்லாம் பில்லில் ஏறும்; வேண்டாம் என்று உடனே சொன்னால் எடுத்துவிடுவார்கள். மீன், நண்டு விலை 100 கிராமுக்குச் சொல்லப்படும். ஒருமுறை அதைக் கவனிக்காமல் ஒரு கிலோவுக்கு மேலான நண்டைச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஜப்பானிய உணவகத்தில் பட்டியல் விலை தெளிவாக இருக்கிறது, மதியச் செட் சாப்பாடு மலிவு. சேவைக் கட்டணம் இல்லாத, பல உணவுக்கடைகள் சேர்ந்த காப்பிக்கடையின் சீனச் சமையல்தான் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

பணம் கொடுக்கும் முறையும் வேறு. ஜப்பானிய நண்பர்களோடு சாப்பிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்வது இயல்பு. சீனர்கள் நம்மைப்போல, நான்தான் கொடுப்பேன் என்று மல்லுக்கட்டுவார்கள். அன்று எங்களோடு வந்திருந்த சீன நண்பர், பழம் வருவதற்கு முன்பே கைகழுவப் போவதாக எழுந்தார். திரும்பி வந்தபோது பில் கட்டியாகிவிட்டது. அம்மா தமிழிலேயே அவரைக் கடிந்துகொண்டார். ஒரு சொல்கூடப் புரியாமல் அவர் சிரித்தபடி, மேசையைச் சுழற்றி ஆரஞ்சுத் துண்டுகளை அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.